வீடு காலி பண்ணும்போது என்னைக் கூப்பிடுகிறவர்கள்

வீட்டு புரோக்கருக்குக் கமிஷன், குடி வைக்கும்போது மட்டும்தான். காலி பண்ணும்போது நடக்கிற சண்டைக்குக் கூலி கிடையாது. ஆனாலும் 'நீங்கதானே கூட்டினு வந்தீங்க' என்று இரண்டு பக்கமும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஸ்கூட்டியில் சுற்றி ஊருக்கெல்லாம் வீடு பிடித்துத் தருகிற எனக்குச் சொந்த வீடு இல்லை. உங்களைப் போல நானும் வாடகைக்கு இருப்பவள்தான். அதனாலோ என்னவோ, யாராவது சண்டைக்குக் கூப்பிட்டால் எரிச்சலைவிட, இதில் நிஜமாக என்னதான் பிரச்சினை என்று பார்க்கிற ஆசை முந்திக்கொள்ளும்.

சுவரில் ஒரு கறை

பூந்தமல்லியில் ஒரு மாடி வீடு. குடியிருந்த தினேஷ் கூரியர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பெட்ரூம் சுவரில் பெரிய கறை இருக்கிறது, பெயிண்ட் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்றார் வீட்டுக்காரர். தினேஷ் போனை எடுத்து, குடி வந்த அன்றைக்கே எடுத்த போட்டோவைக் காட்டினார். அதே சுவர், அதே கறை. (நீங்களும் சாமான் இறக்குவதற்கு முன்னால் எடுத்து வைத்துவிடுங்கள்.) வீட்டுக்காரர் கொஞ்சம் தடுமாறி, அது அதற்கு முன்னால் இருந்தவர்கள் பண்ணியது, அவர்களிடம் அப்போதே பிடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். தினேஷ் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அப்ப அந்தக் காசுக்கு அடிச்ச பெயிண்ட் எங்க சார்?"

உப்புத் தண்ணீர்

மாத வாடகை இல்லாமல், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியிருந்து, காலி பண்ணும்போது அதை முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்வதைத்தான் இந்தப் பக்கம் லீஸ் என்பார்கள். மாங்காட்டில், ஒரு தடவை சொந்தமாகப் பழைய லாரி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட லாரி டிரைவர் குமாரும் அவர் மனைவி செல்வியும் அப்படி இருந்தார்கள். கெடு முடிந்தும் பணம் வரவில்லை. வீட்டுக்காரர் அதை மகள் கல்யாணத்தில் செலவழித்திருந்தார். புதிதாக ஒருவர் லீசுக்கு வந்தால், அவர் தருவதை அப்படியே குமாரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

நானும் ஆட்களைக் கூட்டிப் போனேன். வீட்டைப் பார்க்கும்போது எல்லோருக்கும் பிடிக்கும். மறுநாள் போன் போட்டு வேண்டாம் என்பார்கள். வீட்டுக்காரர்தான் ஆளைக் கலைக்கிறார் என்று குமார் தெருவில் நின்று சத்தம் போட்டார். போலீஸ் வரைக்கும் போகப் போவதாகச் சொன்னார். கடைசியில், வேண்டாம் என்ற ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். போர்வெல்லில் உப்புத் தண்ணிதான் வருது, வெயில் காலத்தில் அதுவும் வராது என்று அங்கே குடியிருக்கிற அம்மாவே சொன்னார்களாம். அந்தத் தண்ணீரை நான் எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன். நல்ல தண்ணீர்.

குமார் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். செல்வி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மறைக்கவில்லை. குமாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இனிமேல் நான் ஆள் கூட்டி வர மாட்டேன் என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். குமார் தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அப்புறம் லீசை இன்னும் கொஞ்ச காலம் நீட்டி எழுதிக்கொண்டார்கள். செல்வி அன்றைக்குச் சொன்னது இதுதான்:

"காசு வூட்டுக்காரர் கையில இருந்தா தங்கறதுக்கு வூடாவது கீது. இவரு கைக்கு வந்தா மறுபடியும் பழைய லாரியாப் பூடும்."

இடுப்பு உயரத்தில் ஆணி

சேக்காட்டில் ராஜமாணிக்கம் என்று ஒரு வீட்டுக்காரர், டிஃபென்ஸ் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று அக்ரிமென்டிலேயே எழுதியிருந்தார். குடியிருந்த சாந்தி, கணவருக்கு மாற்றலானதால் திருநெல்வேலிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காலியான வீட்டுக்குள் போனால் பெட்ரூமிலிருந்து பாத்ரூம் வரைக்கும் வரிசையாக ஆணி. அதுவும் இடுப்பு உயரத்தில். பெரியவர் கோபத்தில் அக்ரிமென்டை எடுத்து நீட்டினார். எனக்கோ, இவ்வளவு தாழ்வாக யாராவது காலண்டர் மாட்டுவார்களா என்று குழப்பம்.

கேட்டதும் சாந்தி வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த மாமனாரைக் காட்டினார். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போக அவருக்குக் கூச்சம். அதற்காக ஆணியில் கயிறு கட்டி விட்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தானே போய் வந்திருக்கிறார். ராஜமாணிக்கம் அந்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டபடி பாத்ரூம் வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து அட்வான்ஸை முழுசாகக் கொடுத்தார்.

"அந்தக் கயித்தையும் உட்டுட்டுப் போம்மா. எனக்கும் சுகர் கீது."

மகன் வருகிறான்

அம்பத்தூரில் விசாலாட்சியம்மா மாடியில் இருக்கிறார். கீழ் வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, அதில் இருந்த ஆடிட்டர் ஆபீஸ்காரர் பிள்ளைகள் படிப்பைச் சொல்லி முரண்டு பிடித்தார். பெங்களூரிலிருந்து என் மகன் குடும்பத்தோடு வருகிறான் என்றார் அந்தம்மா. சொந்த மகனே வரும்போது என்ன செய்ய முடியும் என்று, பரீட்சை முடிந்ததும் அவர் கௌரவமாகக் காலி பண்ணிவிட்டார்.

அவரிடம் தங்கிவிட்ட இன்னொரு சாவியை வாங்கிக் கொடுக்க மறுநாள் போனேன். கீழ் வீட்டில் ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டிருந்தாள். முகம் அப்படியே விசாலாட்சியம்மாவுடையது. கணவனோடு ஒத்துவராமல் வந்துவிட்டாளாம். மகன் எப்போது வருகிறார் என்று விசாலாட்சியம்மாவிடம் கேட்டேன். போன தடவை மகள் இப்படி வந்தபோது, அப்போதிருந்த குடித்தனக்காரரிடம் உண்மையைத்தான் சொன்னாராம். இரண்டு மாசத்தில் சமாதானமாகித் திரும்பிப் போய்விடும், அதற்காக நாங்கள் ஏன் போகணும் என்று அவர் கேட்டாராம்.

"எனக்குப் பையனே கிடையாதும்மா. பொண்ணு வருதுன்னா ஒருத்தரும் காலி பண்ண மாட்டேன்றாங்க."

இத்தனை வீட்டு வாசலில் நின்று பார்த்ததில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், இரண்டு பேர் அட்வான்ஸைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் விஷயம் இன்னும் வெளியே வரவில்லை என்று அர்த்தம்.