கத்தினால் வண்டியில் இடமில்லை

மெர்ல் வானெக் பத்து வருடமாகப் பிள்ளைகளின் குதிரை கிளப்புக்குத் தலைவர். குதிரை ஏறத்தான் தெரியாது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கிளப்புக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கும் நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போனதுதான் அவர் செய்த தப்பு. அந்த ஊரில் எந்தப் பதவியும் அறையில் இல்லாதவன் தலையில்தான் விழும். ஈரக் கையோடு திரும்பி வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். யாருக்கு என்று தெரியாமல் அவரும் தட்டினார். அப்பேர்ப்பட்ட ஆள்!

"குதிரை முன்னால போனா கடிக்கும், பின்னால போனா உதைக்கும், மேல ஏறினா தள்ளிவிடும். எனக்கு வேலிக்கு இந்தப் பக்கமே போதும்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி பிள்ளைகளுக்கு உபதேசம் பண்ணுவதில் மட்டும் குறை வைத்ததில்லை.

அதில் பாதி ஜோலினுக்கு. பதினாலு வயதுக்காரி, நல்ல சவாரிக்காரி, மூக்குக்கு மேலே கோபம். குதிரை தப்புச் செய்தாலும் கத்துவாள். தானே தப்புச் செய்தாலும் குதிரையைப் பார்த்துத்தான் கத்துவாள். "மூச்ச விடும்மா. அதுக்கு நீ எதிரி இல்ல" என்று மூன்று கோடையாகச் சொல்லிப் பார்த்தார். காதில் ஏறியதாகத் தெரியவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இந்த வருடம் சட்டமே போட்டார்.

"மாவட்டக் கண்காட்சி முடியறவரைக்கும் யாரு கத்தினாலும் சரி, மாநிலப் போட்டிக்குப் போற வண்டியில இடம் கிடையாது."

மாநிலப் போட்டிக்கு ஜோலின் தேர்வானது அதுதான் முதல் தடவை. அவள் முகம் செத்துப்போயிற்று.

கண்காட்சியின் கடைசி நாளில், பெரியவர்களைப் பிள்ளைகள் குதிரையேற்றிப் பழக்கும் வேடிக்கைப் பந்தயம் ஒன்று உண்டு. யாருக்கு யார் என்று தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். மெர்ல் வருடாவருடம் மூட்டுவலி என்று நழுவிவிடுவார். இந்த முறை அவர் மனைவி டார்லாவே அவர் பெயரை எழுதிப் போட்டுவிட்டாள். அந்தச் சீட்டு ஜோலின் கையில் வந்தது.

"ஐயோ!" என்றார் மெர்ல்.

"அத நான்ல சொல்லணும்" என்றாள் அவள்.

இடப்பக்கமாக ஏறு, இடப்பக்கமாக ஏறு என்று பத்து வருடம் ஓதியவர், ஜோலினின் கிழட்டுக் குதிரை பிஸ்கட்டுக்கு வலப்பக்கம் போய் நின்றார். ஒருவழியாக ஏற்றிவிட்டார்கள். ஏறியதும் கடிவாளத்தை இழுத்துக்கொண்டே காலால் விலாவை இடித்தார். பிஸ்கட் ஒன்றும் புரியாமல் நின்றது.

"பஸ்ல பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்தா மிதிப்பீங்க, மெர்ல்?"

"இல்லையே."

"அப்ப அத மட்டும் ஏன் அந்தப் பாடு படுத்துறீங்க?"

தட்டுத்தடுமாறித் திடலின் கடைசியில் போட்டிருந்த மரப்பாலம்வரை வந்தார்கள். அதைத் தாண்டினால் பந்தயம் முடிந்தது. பிஸ்கட்டோ பாலத்தின் ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த சாமந்தித் தொட்டியில் வாயை வைத்து மேய ஆரம்பித்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜோலினின் கழுத்து சிவந்தது, வாய் திறந்தது. மெர்ல் மேலிருந்து அதைப் பார்த்தார். பாவி, என் மடத்தனத்தால் இந்தப் பிள்ளையின் போட்டி போகப்போகிறதே!

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னாள்: "மூச்ச விடுங்க, மெர்ல். அதுக்கு நீங்க எதிரி இல்ல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சை விட்டார், பிடியையும் தளர்த்தினார். பிஸ்கட் நிமிர்ந்து பாலத்தில் காலை வைத்தது. பலகை 'டொம்' என்றது.

"ஏய்! நில்லு, நில்லு சனியனே!"

மெர்ல் போட்ட கத்தல் பன்றிக் கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"பயத்துலதான கத்தினாரு, விட்டுடலாம்" என்று எல்லாரிடமும் ஜோலினே அவருக்காகப் பேசினாள்.

"நீ கத்தியிருந்தா விட்டிருப்பேனா?" என்று கேட்டார் மெர்ல்.

"மாட்டீங்க."

"அப்புறம் என்ன?"

மாநிலப் போட்டிக்கு வண்டியை அவருக்குப் பதிலாக டார்லா ஓட்டிப்போனாள். மெர்ல் மண்வாரியோடு லாயத்து வாசலில் நின்றார். வண்டி நகரும்போது ஜோலின் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"போய்ட்டு வரேன், மெர்ல். சாணி அள்ளறப்ப யாரையும் பாத்துக் கத்தாதீங்க."

"மூச்ச விட்டுக்கிட்டே அள்ளறேன், போ" என்றார். வண்டி திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டிய கையில் மண்வாரி இருந்தது. அதிலிருந்த சாணி அவர் தொப்பியில் விழுந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.