பயணம் சொல்லிவிட்டுப் போகாதவர்

பிந்தி வருகிறவர்களைக் கண்டால் முத்தலிபுக்கு ஆகாது. கிண்ணியாப் பாலத்தடியில் வலை, நைலோன் கயிறு, தூண்டில், ஈயக்குண்டு விற்கிற கடை அவருடையது. கடலுக்குப் போகிறவன் வந்து கூப்பிடுமுன் கடை திறந்திருக்கும். கலியாண வீடென்றால் பாய் விரிக்குமுன்பே போய் நிற்பார். விரிக்கிறவர்களுக்குப் பாயின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்த நாட்களும் உண்டு. நேரம் தெரியாத மனிசன் ஒரு மனிசனா என்பது அவர் வாயில் எந்நேரமும் கிடக்கிற கதை. அப்படிப்பட்டவர் அறுபத்தோராவது வயதில் ஒரு கோச்சியைத் தவறவிட்டார். எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வோம். அதுவும் எந்தக் கோச்சியை! கொழும்புக்குப் போய் நெஞ்சில் ஒப்பரேசன் செய்வதற்கென்று முற்கூட்டியே பதிந்துவைத்த இரவுக் கோச்சியை.

பஸ்ஸில் அத்தனை தூரம் குந்திக்கொண்டு போக அவருக்கு ஏலாது, மூச்சு முட்டும். படுத்துக்கொண்டு போங்கள் என்று டொக்டரே சொல்லிவிட்டார். மருமகன் ஸாஜித் நாலு பேரிடம் விசாரித்து, அவருக்கும் மனைவி லைலாவுக்குமாகப் படுக்கை இடம் இரண்டு எடுத்து வைத்திருந்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கெடுத்தது பயணம் சொல்லப் போன போக்கு.

பெரிய பயணம் போகிற ஆள் வீடு வீடாக ஏறிப் பயணம் சொல்லிவிட்டுப் போவது கிண்ணியாவில் வழக்கம். ஹஜ்ஜுக்குப் போனாலும் அப்படித்தான், நெஞ்சை வெட்டப் போனாலும் அப்படித்தான். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் பொருந்திவிட்டோம் என்று மனதாரச் சொல்ல வேண்டும். முத்தலிப் ஒரு கிழமையாக, ஏழு நாளும் ஏறி இறங்கினார். ஏறின வீடெல்லாம் தேத்தண்ணி, கண்ணீர், பயணத்துக்கென்று ஒரு பிஸ்கட் பக்கெட். வீட்டில் சேர்ந்த பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டிக்கடை போடலாம் போல இருக்கிறதே என்று லைலா பகிடி பண்ணினாள்.

ஒரு வீடு மட்டும் மிச்சம் கிடந்தது. அது அவருடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா, ஆமினா உம்மாவின் வீடு. நாலு வேலி தள்ளித்தான் இருக்கிறது. அந்த வாசலை அவர் மிதித்துப் பதினொரு வருடம்.

அதுவும் வேறு யாருடைய வீடோ இல்லை, முத்தலிப் பிறந்த வீடு. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், ஆண்பிள்ளை கட்டின பெண்ணின் வீட்டுக்குப் போவான். ஆகவே பெற்ற உம்மாவின் வீடு ராத்தாவுக்கு வந்தது, முத்தலிப் லைலாவின் வீட்டுக்குப் போனார். அதில் ஒரு சண்டையும் இல்லை. சண்டை வந்தது முத்தலிபின் மகள் றுமானாவின் கலியாணத்தில். றுமானாவை ராத்தாவின் மகன் அஸாமுக்குத்தான் என்று பிள்ளைகள் சிறிதாக இருக்கும்போதே வாய்ச்சொல் கொடுத்து வைத்திருந்தார். நேரம் வந்தபோது ஸாஜித்தின் படிப்பையும் வேலையையும் பார்த்து மனம் மாறிவிட்டார். மாறினது கூடப் பெரிதில்லை. ராத்தாவிடம் நேரே போய்ச் சொல்ல முகமில்லாமல், பிறத்தியார் வாயால் அவருக்குத் தெரியவிட்டார். அதுதான் ராத்தாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அன்று மூடின வாய் முத்தலிபுக்குத் திறக்கவில்லை. ஸாஜித் என்ற பெயரையே அவர் உச்சரிப்பதில்லை.

கடைசி வீடாக அங்கே போவதென்று நினைத்து நினைத்து, பயணம் போகிற அன்று பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகுதான் முத்தலிபுக்குக் கால் வந்தது. ஸாஜித் தன் ஓட்டோவைத் தெருவில் நிறுத்தினான். லைலா உடுப்புப் பைகளோடு உள்ளே இருந்தாள். முத்தலிப் மட்டும் இறங்கிப் போனார். ராத்தா வாசலில் நின்றவர் வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. கதிரையைக் கையால் காட்டினார். முத்தலிப் இருந்து, மூச்சை எடுத்துக்கொண்டு, ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னார்.

"அஸாமுக்கு வாக்குக் குடுத்திட்டு மாறினது என்ட பிழை. உங்களுட்ட நேர வந்து சொல்லாதது அதவிடப் பெரிய பிழை. பொருந்திக்குங்க ராத்தா."

ராத்தா இன்னொரு கதிரையை இழுத்து எதிரே இருந்தார். "மௌத்துக்குப் போறவனோட எனக்கென்ன கோபம்," என்றார், சாகப் போகிறவன் என்றே முடிவு கட்டியவர்போல. "பொருந்திட்டன்."

அதோடு இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. அழுது முடிந்ததும் ராத்தா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். வந்தவர் தன் வழக்கப்படி கையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிக் கதைக்கத் தொடங்கினார். அஸாம் கட்டாரில் வாங்குகிற சம்பளம், அவன் பெண்சாதியின் வாய், பேரப்பிள்ளைகளின் குறும்பு, தன் முழங்கால், புயலில் விழுந்த முருங்கை என்று பதினொரு வருடத்துக் கதை மடை திறந்தமாதிரி வந்தது. ஸாஜித் ஒருமுறை ஹோன் அடித்தான். ராத்தா எழும்பிப்போய் இரண்டாவது தேத்தண்ணியும் கொண்டுவந்தார். முத்தலிபின் கண்ணுக்கு நேரே சுவரில் மணிக்கூடு தொங்கியது. அவரும் அதைப் பார்த்தார். ஆனால் பதினொரு வருடம் கழித்து வாய் திறந்த ராத்தாவிடம், நேரமாகிவிட்டது எழும்பப் போகிறேன் என்று சொல்ல அவருக்கு நா வரவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக முத்தலிப் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்.

பிறகு ஓட்டோ பறந்தது. என்ன பறந்தென்ன, சீனக்குடாவில் கோச்சிப் பாதையின் கேற் பூட்டியிருந்தது. கேற்றுக்கு இந்தப் பக்கம் இவர்கள் இருக்க, திருகோணமலையில் வெளிக்கிட்ட கோச்சி முன்னாலேயே போனது. ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் முகத்தில் அடித்துக்கொண்டு போனது. ஸாஜித் ஓட்டோ ஹாண்டிலில் தலையை வைத்துக்கொண்டான்.

"அந்தா போகுது நம்மட படுக்கை," என்றாள் லைலா.

திரும்பி வந்ததுதான் பெரிய வெட்கம். ஊரே அழுது அனுப்பிவைத்த மனிதர், பிஸ்கட் பையோடு இருட்டில் வந்து இறங்குகிறார். முன்வீட்டு றுவைஸ் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நானா என்று அண்ணன் முறையில் கூப்பிட்டு, கொழும்பு இவ்வளவு கிட்டவா என்று கேட்டான். காலையில் ஸாஜித் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினான். அவர்கள் ஏசவில்லை, இரண்டு கிழமை தள்ளி வேறு திகதி தந்தார்கள், அதுவரைக்கும் மருந்தை ஒழுங்காகப் போடச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்து லைலா நிம்மதியாகப் பிஸ்கட் உடைத்தாள்.

முத்தலிபுக்கு நிம்மதி வரவில்லை. ராத்தா பொருந்தினது யாருக்கு? மௌத்துக்குப் போகிறவனுக்கு. இப்போது அவன் போகவில்லை, மூன்று வேளையும் தின்றுகொண்டு வீட்டில் இருக்கிறான். அப்படியென்றால் அந்தப் பொருத்தம் செல்லுமா, செல்லாதா? ஏமாற்றி வாங்கினமாதிரி அல்லவா ஆகிவிட்டது! கோச்சி போன கதை ஊருக்கே தெரியும், ராத்தாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் பார்க்கவில்லை. முத்தலிப் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடியே இருந்தார். பார்க்கப் பொறுக்காமல் லைலாதான், சும்மா இருக்கிற நேரத்துக்கு ஸ்டேசனுக்குப் போய் டிக்கட் காசையாவது கேட்டுப் பாருங்கள் என்று ஸாஜித்தோடு ஏற்றி அனுப்பினாள்.

திருகோணமலை ஸ்டேசனுக்கு வெளியே நிழலில் மான்கள் படுத்துக் கிடந்தன. ஸாஜித் ஓட்டோவில் நிற்க, முத்தலிப் உள்ளே போனார். கவுண்டரில் கௌசிகா என்ற பிள்ளை இருந்தது, பக்கத்துப் பாலையூற்று ஊர்ப் பிள்ளை. டிக்கட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கோச்சி வெளிக்கிட முதல் வந்து சொல்லியிருந்தால் ஏதும் பார்த்திருக்கலாம், வெளிக்கிட்ட பிறகு ஒன்றும் செய்ய ஏலாது, சட்டம் அப்படி என்று மெதுவாகச் சொன்னது. முத்தலிப் விடவில்லை. ஏறவே இல்லையே பிள்ளை, படுக்கவும் இல்லை, விரிப்பைக் கசக்கவும் இல்லை, பிறகு எதற்குக் காசு என்று கேட்டார். வியாபாரி அல்லவா, தராத சாமானுக்குக் காசு வாங்குகிற வழக்கம் அவருடைய கடையில் இல்லை.

"தராம இல்லை ஐயா," என்றது அந்தப் பிள்ளை. "அந்த ரெண்டு படுக்கையும் உங்கட பேரிலதான் கொழும்பு மட்டும் வெறுமையாப் போனது. கேட்டு வந்த ஆக்களுக்கும் நாங்கள் குடுக்கேல்லை. நீங்கள் வராட்டிலும் அது உங்கட இடம்தான்."

முத்தலிப் டிக்கட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். திரும்பி வரும்போது அந்தக் கதையே மண்டைக்குள் சுற்றியது. போகாதவனுடைய பேரிலும் இடம் இருக்கிறது என்கிறாள் ரயில்காரப் பிள்ளை. ராத்தாவும் அப்படிச் சொல்வாரா? சொல்லாவிட்டால்? வாங்கின சாமான் பிழையென்றால் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் ஒழுங்கு. பாலம் தாண்டினதும், ராத்தா வீட்டு வாசலில் நிறுத்து மகன் என்று ஸாஜித்திடம் சொன்னார்.

ராத்தா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தம்பியைக் கண்டதும் நிமிர்ந்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. முத்தலிப் இருக்கவும் இல்லை, நின்ற நிலையிலேயே சொன்னார்.

"ராத்தா, நான் போகல்ல. மௌத்துக்குப் போறவன் எண்டு நினைச்சித்தான் நீங்க பொருந்தினீங்க. திருப்பி எடுக்கிறதெண்டா எடுங்க. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

ராத்தா கையிலிருந்த மிளகாயைச் சுளகில் போட்டார். "மணிக்கூடு பாக்க எனக்கும் தெரியும் தம்பி," என்றார். "ஹோன் அடிச்சதும் கேட்டது. கோச்சிட நேரமும் தெரியும். தெரிஞ்சிதான் ரெண்டாவது தேத்தண்ணி ஊத்தினன்."

முத்தலிபுக்கு முதலில் விளங்கவில்லை.

"பதினொரு வருசம் கழிச்சி வந்தவன், வந்த கையோட நெஞ்ச வெட்டப் போறன் எண்டா நான் எப்படி விடுறது? இன்னம் ஒரு நாள் இரிக்கட்டும் எண்டு நினைச்சிட்டன். நீ திரும்பி வந்தாய் எண்டு கேட்ட பொறகுதான் நெஞ்சு பதறினது. உனக்கு ஏதும் நடந்தா அது என்ட தலையிலதானே. அந்தப் பயத்தில உன்ட வாசலுக்கு வரவும் ஏலாமப் போச்சி." ராத்தா சுளகை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நீதான் என்னப் பொருந்திக்கொள்ளணும்."

பிந்த வைக்கிறவர்களை முத்தலிப் ஏசுகிற ஏச்சு கிண்ணியாவுக்கே தெரியும். வாயைத் திறக்கத்தான் செய்தார். ஆனால் எனக்காக அல்லவா இவ்வளவு பெரிய பிழையைச் செய்திருக்கிறார் என்று நினைத்ததும் ஏச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு சந்தோசம்தான் வந்தது, வெட்கமில்லாத சந்தோசம். பொருந்திட்டன் ராத்தா என்றார். ஆஸ்பத்திரியில் வேறு திகதி தந்த கதையையும், பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொன்னார். டிக்கட் காசு போனது போனதுதான் என்றும் சொன்னார். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகத் திரும்பும்போது முத்தலிபுக்குப் பழைய பகிடி திரும்பியிருந்தது. அடுத்த திகதிக்கும் வந்து பயணம் சொல்ல வேணுமா, அல்லது சொன்னதே போதுமா என்று கேட்டார். ராத்தா சிரிக்கவில்லை.

"பயணம் சொல்றது பிறத்தி ஆக்களுக்கு. வீட்டாக்களுக்கு யார் பயணம் சொல்றது? இது உம்மாட வீடு. அண்டைக்கு இங்க இருந்து வெளிக்கிடு."

பதினொரு வருடமாக அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனிதர், அதே வாசலில் நின்று சிறுபிள்ளைபோலத் தேம்பித் தேம்பி அழுதார். தெருவில் ஓட்டோவோடு நின்ற ஸாஜித் என்ன ஏது என்று புரியாமல் ஓடிவந்தான். ராத்தா அவனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார்.

இரண்டு கிழமை கழித்து முத்தலிப் உம்மா வீட்டிலிருந்து வெளிக்கிட்டார். புது டிக்கட் எடுத்ததும் ஸாஜித்தான். அன்று ராத்தா பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தொடங்கினால் நிற்காது என்று அவருக்கே பயம். அஸர் தொழுததும் தம்பியைக் கையில் பிடித்து ஓட்டோவில் ஏற்றி, லைலாவுக்குப் பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டார். ஸ்டேசனுக்குப் போனபோது கோச்சி மேடைக்கே வந்திருக்கவில்லை. கவுண்டருக்குள் இருந்த கௌசிகா தலையை நீட்டிப் பார்த்து, இண்டைக்கு நேரத்தோட வந்திட்டீங்கள் ஐயா என்று சிரித்தாள். முத்தலிபுக்கு உடம்பே தேறினமாதிரி இருந்தது. இருட்டுமுன் வீடு போய்ச் சேரச் சொல்லி அவர் எத்தனை தரம் சொல்லியும், தம்பி பெட்டிக்குள் ஏறிப் படுக்கையில் காலை நீட்டும்வரைக்கும் ராத்தா மேடையை விட்டு அசையவில்லை. அதன் பிறகுதான் ஸாஜித்தோடு ஊருக்குத் திரும்பினார்.

கோச்சி வெளிக்கிட்டது. சீனக்குடா வரப்போகிறது என்று தெரிந்ததும் முத்தலிப் படுக்கையில் எழும்பி இருந்து ஜன்னலில் முகத்தை வைத்தார். நினைத்தது சரி. கேற் பூட்டியிருந்தது, வாகனங்களுக்கு முன்னால் ஸாஜித்தின் ஓட்டோ நின்றது. கோச்சி வெளிச்சத்தில் ஓட்டோவுக்குள் ராத்தாவின் கை மேலும் கீழும் ஆடுவது தெரிந்தது. கை காட்டுகிறார் மதினி என்று சொல்லி லைலாவும் கையை ஆட்டினாள். முத்தலிப் ஆட்டவில்லை. ராத்தாவின் கை ஆடுவது எப்போது என்று அவருக்குத் தெரியும். ராத்தா கோச்சிப் பக்கம் பார்க்கக்கூட இல்லை, ஸாஜித்தோடு கதைத்துக்கொண்டிருந்தார்.