ரதி பேசிய வரி

வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சண்டை பிள்ளைகளோடு அல்ல, பெரியவர்களோடுதான். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஏழு வயது யோகிதாவுக்கு நடந்தது அநியாயம்: 'வாசிப்பு வராது' என்று கடைசி வாங்கில் உட்கார்த்திவிட்டார்கள். கெம்பஸ் விடுமுறையில் தொண்டர் ஆசிரியையாகப் போன எனக்கு வந்த ஆத்திரம், பிள்ளைகளோடு மாரடிக்கும் உங்களுக்குத்தான் புரியும்.

மணல் வீடு

பாடசாலையின் தொடுதிரை டெப்பில் இருந்த வாசிப்புப் பாடம் முழுக்கக் கடற்கரை. மணல் வீட்டுப் படத்தைப் பார்த்து யோகிதா வாயே திறக்கவில்லை. "கடலையே பார்க்காத பிள்ளையிடம் இதைக் காட்டி, வாசிப்பு வராது என்பதா?" என்று வகுப்பாசிரியரிடம் பாய்ந்தேன். அவர் சிரித்தார்.

"அப்ப நீங்களே ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன், மிஸ்."

மீசை வைத்த ரதி

செய்தேன். மாசியில் தோட்டமே கூடி ஆடும், மதனும் அவன் மனைவி ரதியும் வரும் காமன் கூத்தில் யோகிதாவின் அப்பாதான் வருசா வருசம் ரதி. லயத்து வீட்டு வாசலில் அவரை ரதி வசனம் பேசவைத்துப் போனில் பிடித்து, டெப்பில் பாடமாக்கினேன். அவர் பேசப் பேச, திரையின் கீழே சொற்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். வகுப்பே டெப்பை மொய்த்தது. யோகிதா மட்டும் முகம் சுளித்தாள்.

"கூத்து இல்லாத நேரத்துல எடுத்துட்டீங்களேக்கா. ரதிக்கு மீசை இருக்கு!"

மூடிய திரை

ஒரே வாரத்தில் எல்லாரும் கடகடவென்று வாசித்தார்கள். பெருமையோடு வகுப்பாசிரியரைக் கூப்பிட்டேன். வந்தவர் திரையைக் கையால் மூடினார். பிள்ளைகள் நிறுத்தவே இல்லை. வசனம் தடங்கலின்றி ஓடிக்கொண்டே இருந்தது. கூத்து அவர்களுக்குத் தொட்டில் பாடம் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

"இது வாசிப்பு இல்ல மிஸ், ஒப்பிப்பு."



சத்தமில்லாத பக்கம்

மறுநாள் பாடத்திலிருந்து குரலை நீக்கினேன், முகத்தையும் நீக்கினேன். பேசுகிறவர் பெயரும் வசனமும் மட்டும். வகுப்பாசிரியர் முன்னாலேயே யோகிதாவிடம் கொடுத்தேன். விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் போனாள். பாதியில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். டெப்பை என் மடியில் வைத்தாள்.

"இது தப்புக்கா. 'என்னைத் தனியே விட்டுப் போகாதீங்க'ன்னு மதனா சொன்னாரு? அது ரதி சொல்றது. எங்கப்பா சொல்றது!"

அவசரத்தில் பெயரை மாற்றிப் போட்டிருந்தேன். ஒப்பிக்கிற பிள்ளைக்கு அந்தப் பிழை கண்ணில் படாது. நான் சொல்லிக்கொடுத்தது பலித்ததற்குச் சாட்சி, நான் விட்ட பிழை ஒன்றுதான். வகுப்பாசிரியர் கடைசி வாங்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யோகிதா, பையை எடுத்துக்கிட்டு முன்னால வாம்மா. மிஸ், அந்த எடம் இப்ப காலியாத்தான் இருக்கு, நீங்க போய் உக்காருங்க."