ஆயிஷாவுக்குக் காய்ச்சல் எண்டால்

பள்ளிக்கூட வான் ஓட்டுறவனுக்கு நாட்டு நிலவரம் அறிய செய்தி கேக்கத் தேவையில்லை. காலமை எந்தச் சீட் காலியாக் கிடக்குது எண்டு பார்த்தாலே போதும். கொழும்பில, வெள்ளவத்தையில பிள்ளைகளை ஏத்தி, கொட்டாஞ்சேனையில பள்ளிக்கூடத்தடியில இறக்கிறதுதான் என்ர வேலை. முன் சீட்டில என்ர மகளும் வருவா. பிள்ளையை வானில ஏத்திப்போட்டு, பள்ளிக்கூடம் விடும்வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற அம்மா அப்பாமாரே, உங்களுக்கு நான் புதுசாச் சொல்ல ஒண்டுமில்லை. எண்டாலும் கேளுங்கோ.

மண்மூட்டைக்குப் பின்னால

அந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் திரும்பத் திறந்த நேரம். எச்சரிக்கை முன்னமே வந்ததாம், சனத்துக்குத்தான் சொல்லேல்லையாம் எண்டு பேப்பரில வாசிச்சு வயிறெரிஞ்சு போயிருந்தம். பெற்றாரின்ர வாட்ஸ்அப் குறூப்பில விடிஞ்சால் ஒரு குரல் பதிவு: குண்டு ஏத்தின லொறி ஒண்டு சுத்துதாம், வெள்ளை வான் ஒண்டு வருதாம். என்ர வானும் வெள்ளைதான், ஆரிட்டைச் சொல்லி அழ?

வழியில இருந்த செக்பொயின்ற்றில இறங்கி, ஏதும் பிரச்சினையோ, வானுக்குள்ள பிள்ளைகள் இருக்கினம் எண்டு ஒரு பொலிஸ்காரரிட்டைச் சிங்களத்தில கேட்டன். மனுசன் மண்மூட்டைக்குப் பின்னால குந்தியிருந்து, இரும்புத் தொப்பியை இன்னும் இறுக்கிக்கொண்டு சிரிச்சார். ஒண்டுமில்லையாம், பயப்பட வேண்டாமாம்: "மொகுத் நே மல்லி, பய வென்ன எபா!"

சுகமில்லாத பிள்ளை

நான் முதல் ஏத்துற பிள்ளை ஆயிஷா. வாப்பா பொலிசில பெரிய ஆள். ஒருநாள் விடிய அவவின்ர உம்மா நஸீமா போன் எடுத்து, மகளுக்குக் காய்ச்சல், வர மாட்டா எண்டா. அண்டைக்கு எண்டு பார்த்து கொட்டாஞ்சேனையில றோட்டை மறிச்சு, ஆமி நிரையா நிண்டு, ஒரு ஒழுங்கையைச் சல்லடை போட்டுச் சோதிக்குது. முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. என்ர மகள் என்ர சேட்டுக் கையைப் பிடிச்ச பிடியை விடேல்லை. கனநேரம் கழிச்சுத்தான் எங்களைப் போக விட்டாங்கள். என்னத்தைத் தேடினவை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

அடுத்த நாள் ஆயிஷா டொபி சூப்பிக்கொண்டு துள்ளி ஏறினா. "காய்ச்சல் சுகமோ மகள்?" எண்டு கேட்டன். "எனக்கு எங்க அங்கிள் காய்ச்சல்? வாப்பாதான் அப்பிடிச் சொல்லச் சொன்ன!"

டெங்குக் காலம்

இதை என்ர மகளும் கேட்டவ. பிறகென்ன, அவ தாயிட்டைச் சொல்ல, குறூப் முழுக்கப் பரவீட்டுது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக் கேட்டடியிலயும் அம்மாமார் வானுக்குள்ள தலையை விட்டு ஆயிஷாவைத் தேடுவினம். அவ இருந்தால்தான் தங்கட பிள்ளையை ஏத்துவினம்.

டெங்குக் காலத்தில அந்தப் பிள்ளைக்கு உண்மையாவே காய்ச்சல் வந்து தொலைச்சுது. இது மெய்யான காய்ச்சல் எண்டு நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தர் நம்பேல்லை. நானும் மகளும் மட்டும் வெறும் வானோட போய் இறங்கினம். பள்ளிக்கூடக் காவல்காரர் உள்ளுக்கு எட்டிப்பார்த்துப்போட்டுக் கேட்டார்: "என்ன அண்ணே, மத்த எல்லாரும் கனடாவுக்குப் போயிட்டாங்களா?"

வாப்பா வந்தார்

கதை ஆயிஷாவின்ர வாப்பாவின்ர காதுக்கும் போயிட்டுது. சாதாரண உடுப்போட வானடிக்கு வந்தார். "எண்ட மகள வெச்சி நீங்கெல்லாம் செய்தி பாக்கிறீங்களாமே? வாயத் தொறக்கக் கூடாதெண்டு மேலிடத்து ஓடர். எண்ட வேல போயிரும்" எண்டார். எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சு. "உங்கட பிள்ளைக்கு வாற காய்ச்சல் என்ர பிள்ளைக்கும் வந்தால் என்ன சேர்?" எண்டு கேட்டுப்போட்டன்.

அவர் முன் சீட்டில இருந்த என்ர மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இனி மக ஒவ்வொரு நாளும் வருவா."

கேட்டடியில

அதோட எங்கட காய்ச்சல் செய்தி நிண்டுபோச்சு. ஆயிஷாவும் நாள் தவறாமல் வந்தா. எங்களுக்குத்தான் இனி ஒண்டும் தெரியவராது எண்டு நினைச்சன். அப்பிடி இருக்க, ஒருநாள் காலமை ஆயிஷாவின்ர உம்மா நஸீமா செருப்பும் போடாமல் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தா. "காய்ச்சல் இல்ல அங்கிள், இனியும் பொய் சொல்ல எனக்கு ஏலா. ஒரு புள்ளையையும் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு போகாதீங்க. ஆயிஷாட வாப்பாட வேல போனாப் போகட்டும்!" நான் ஒரு பிள்ளையையும் ஏத்தேல்லை. அண்டைக்கு என்ன நடக்க இருந்தது, ஏதும் நடக்கத்தான் இருந்ததோ எண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிசியை நினைச்சால் இப்பவும் கண் கலங்கும். கடவுளே, அவவுக்கு என்ன தலையெழுத்து, ஊரார் பிள்ளைகளுக்காக வீட்டுச் சோத்தில கை வைக்க?

நல்லகாலம், வாப்பாவின்ர வேலைக்கு ஒண்டும் வரேல்லை. பிறகு ஒருநாள் என்ர மனுசி கையால செய்த பயத்தம் பணியாரத்தோட போய் அவருக்கு நன்றி சொன்னன். பெட்டியை வாங்கிக்கொண்டு, என்ர முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கு எதுக்கு நன்றி? நான் பொஞ்சாதிக்கிட்ட மட்டும்தானே சொன்ன."

நாட்டின்ர பாதுகாப்பு ஆரின்ர கையில எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, என்ர மகளின்ர பாதுகாப்பு மட்டும் பொய் சொல்ல ஏலாமல்போன ஒரு மனிசியின்ர வாயில இருந்தது.