செம்பருத்திக்குக் காவல்

செய்தி தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர் முத்துப்பாண்டி அண்ணாச்சி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் காலமானார். கீழே அவர் படம். படத்துக்கு அடியில் 'பறவைகளின் தோழர்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். தோசையைத் திருப்பிப் போட்டு, வெந்ததும் எடுத்துவிட்டுத்தான் அடுப்பை அணைத்தேன்.

எங்கள் தெருச் சங்கத்தின் அஞ்சலி மலருக்கு நான்தான் எழுதவேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரி, போதாக்குறைக்கு ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். சரி, எழுதுகிறேன். அவரைத் தெரிந்த உங்களுக்கு எழுதுவதால் புளுக முடியாது. அண்ணாச்சி யாருக்கும் தோழர் இல்லை. வாய் திறந்தால் வசவு. சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். என் கணவர் போன பிறகு அமாவாசைதோறும் அந்த மதிலில்தான் காக்கைக்குச் சோறு வைத்தேன். முதல் தடவையே அண்ணாச்சி லத்தியோடு வந்து நின்றார்.

"டீச்சர், இது அமாவாசைச் சோறு இல்ல. இவனுவளுக்கு நீங்க குடுக்குத மாமூல். வாங்கிப் பழகுனவன் சோத்தோட போவானா? எங்க செம்பருத்தியில கொண்டைக்குருவி குஞ்சு பொரிச்சிருக்கு."

"உங்க குருவிக்காக எங்க வீட்டுக்காரரு பட்டினி கெடக்கணுமா அண்ணாச்சி?"

"வரட்டும். நான்தான் அவருன்னு ஐடி கார்டு காட்டட்டும். நானே பரிமாறுதேன்."

சொல்லிவிட்டு லத்தி நுனியால் இலையை என் பக்கமே தள்ளினார். சோறு துவைக்கிற கல்லில் சிதறியது. என் துக்கம் ஆறாத நேரம் அது. அன்றைக்கு நான் அழுத அழுகையை அந்த மனிதர் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதோடு பேச்சை நிறுத்தினேன். சோறு வைப்பதை நிறுத்தவில்லை. அவரும் தள்ளுவதை நிறுத்தவில்லை.

பகையாளி வீட்டை எட்டிப் பார்க்காதவர் யார்? நானும் பார்த்தேன். சாரல் காலத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைச் செம்பருத்திக்கு எதிரே போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார். ஊர்க்காக்கைகளை ஒவ்வொன்றாகத் தெரியும். தனியாக வரும் அண்டங்காக்கைக்கு 'ஏட்டையா' என்று பெயர். ஒரு நாள் வீட்டார் எல்லாரும் அருவியில் குளிக்கக் கிளம்பினார்கள். அவர் மனைவி மரகதம் வாசலில் நின்று சத்தம் போட்டாள்: "ஐந்தருவியில தண்ணி கொட்டுது, இந்த மனுசன் குருவிக்குக் காவல் இருக்காரு!" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் காக்கை மேல் ஒரு கல் விழ விடமாட்டார். தெருவில் யாரோ எறிந்தபோது, "ஏலே, கல்லைக் கீழ போடு! அது அதோட டூட்டியப் பாக்குது, நான் என் டூட்டியப் பாக்கேன்" என்று கத்தினார். அவர் பேசியதில் எனக்குக் கோபம் வராத பேச்சு அது ஒன்றுதான்.

காடாற்றுச் சடங்கு முடிந்து அவர் மகன் கணேசன் சோறும் வடையும் இலையில் எடுத்து வந்தான். ராணுவத்திலிருந்து அவசர விடுப்பில் வந்தவன். அப்பாவின் கடைசி நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. காக்கை வந்து எடுத்தால்தான் அவன் மனம் ஆறும் என்பது முகத்திலேயே தெரிந்தது. இலையை மதிலில், செம்பருத்திக்கு நேர் மேலே வைத்தான். எல்லாரும் கா கா என்று கூப்பிட்டார்கள்.

ஊர்க்காக்கைகள் வந்தன. பிறகு ஏட்டையா வந்தது. அது இலையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துச் செடிக்குள் பார்த்தது. உள்ளே, இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. விளக்குமாற்றை எடுத்து மதிலில் ஓங்கி அடித்தேன். காக்கைகள் அத்தனையும் பறந்துவிட்டன.

"டீச்சர்! எங்க அப்பாவுக்கு வச்ச சோறு!" கணேசனுக்குக் குரல் உடைந்தது.

"செடியில குஞ்சு கெடக்குப்பா. மாடியில கொண்டு வையி."

"செத்த பெறகுமா பகை? குஞ்சாம், குஞ்சு! நல்லா சாக்கு சொல்லுதா!" என்றாள் அவர்கள் சொந்தக்காரி ஒருத்தி.

இலையை மாடிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஒரு காக்கையும் அங்கே இறங்கவில்லை. கணேசன் இருட்டும்வரை மாடியில் நின்றான். அந்தப் பிள்ளைக்காக இப்போதும் வருந்துகிறேன். அவன் அப்பாவுக்காக வருந்தவில்லை.

பழி தீர்த்துவிட்டேன் என்று தெருவில் பேசுகிறீர்கள். பேசுங்கள். குஞ்சுகள் பறந்துவிட்டன. அதே செடியில் மறுபடியும் கூட்டுக்கு நார் சேர்கிறது. மரகதம் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் பார்க்க ஆள் இல்லை. அண்ணாச்சியிடமிருந்து அன்பாக ஒரு சொல் எனக்குக் கிடைத்ததில்லை. இந்தக் காவல் வேலைதான் வந்து சேர்ந்திருக்கிறது. என் கணவருக்கு இனி எங்கள் மாடியில் சோறு வைத்துக்கொள்வேன். மதிலில் அண்ணாச்சியே காக்கையாக வந்து உட்கார்ந்தாலும் விரட்டத்தான் போகிறேன்.