செல்வராணி கேட்ட கொப்பி

இன்னிக்கு குன்னூர் பஸ்ல உக்காந்திருந்தேங்க. செல்வராணிகிட்ட இருந்து வீடியோ கால்.

செல்வராணி, சிலோன் எஸ்டேட்ல என்கூட ஒரே லயத்து வீட்டு வரிசையில வளர்ந்தவ. போன வாரம்தான் பேஸ்புக்ல என்னைக் கண்டுபிடிச்சா.

எனக்குப் பத்து வயசுல எங்க குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறுச்சு. அவங்க அங்கேயே தங்கிட்டாங்க. ஆளுக்கொரு கொப்பியில தினமும் டைரி எழுதணும், திரும்பப் பாக்குறப்ப மாத்திக்கணும்னு சத்தியம் பண்ணியிருந்தோம்.

"கொப்பி வச்சிருக்கியாடி?"ன்னா எடுத்த எடுப்புல. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு.

"பத்திரமா இருக்கு"ன்னேன்.

"நான் ஒரு நாள்கூட விடல்ல. பெட்டி நிறையக் கிடக்கு. அடுத்த மாசம் தூக்கிட்டு வாறேன்."

ஊட்டுக்கு வந்து தேடி எடுத்தேன். மொத்தமே பதினோரு நாள்தான். பதினோரு நாளும் ஒரே சேதி: "இன்னிக்கும் குளிர். அப்பாவுக்கு இன்னும் வேலை கிடைக்கல."

பன்னெண்டாம் நாள் அப்பாவுக்குக் கோத்தகிரியில வேலை கிடைச்சுது. அதோட டைரியும் நின்னுபோச்சு.

இப்ப நாலு பேனாவோட உக்காந்து நாப்பது வருசத்தையும் எழுதிட்டிருக்கேன். நான் ஏழாவது படிச்சப்ப தீபாவளிக்கு மழை பேஞ்சுதா? கூடப் படிச்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

அய்யோ, அவளும் இதைப் படிப்பாளே! செல்வராணி, கமெண்ட்ல எவ்வளவு வேணா திட்டிக்க. வராம மட்டும் இருந்துறாத.