எழுபது நாள் ஊன்றாத கால்

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால். விடியலில் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஓர் எலும்பு மருத்துவர், என் வலது கீழ்க்காலின் புதிய எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டினார். பக்கத்தில், எழுபது நாளுக்கு முன் அறுவை முடிந்ததும் எடுத்த படம். இரண்டுக்கும் வித்தியாசம் தேடினேன். இல்லை. முறிந்த கோடு அப்படியே கிடந்தது.

"சார், எலும்பு சேர ஆரம்பிக்கவே இல்லியே," என்றார்.

ஒரு நாள்கூட அந்தக் காலில் பாரம் வைக்காதவன் நான்.

செப்டம்பரில் வண்ணார்பேட்டையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்தேன். எலும்புக்குள் கம்பி செலுத்தினார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தாங்குகிற அளவுக்குப் பாதத்தை ஊன்றச் சொன்னார் இதே டாக்டர். அவருடைய வயதைவிட என் சர்வீஸ் அதிகம், நான் கேட்கவில்லை.

பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருடம் தாமிரபரணிக் கால்வாய்களுக்கு மதகும் சிறுபாலமும் கட்டியவன் நான். கான்கிரீட் போட்டால் இருபத்தெட்டு நாள் பாரம் ஏற்றக் கூடாது. அவசரப்பட்டு முட்டுக்கொடுத்த கம்புகளைப் பிரித்த ஒப்பந்தக்காரர்களிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். என் காலுக்கும் அதே கணக்கைப் போட்டேன். இருபத்தெட்டு. எழுபத்திரண்டு வயது, சரக்கு பழசு என்பதால் இன்னொரு இருபத்தெட்டு. மழைக்கால ஈரத்துக்காகப் பதினான்கு. ஆக எழுபது. தையல் பிரிக்க நர்ஸை வீட்டுக்கே வரவழைத்தேன். நடுவில் டாக்டர் வரச்சொன்ன தேதியை, ஆட்டோ குலுக்கும் என்று தள்ளிப்போட்டேன். தூக்கி உட்காரவைக்க நாங்குநேரிப் பக்கத்து ஆள் ஒருவரை நியமித்தோம்.

என் மனைவி தினமும் சண்டை போட்டாள். "டாக்டர் ஊனச் சொல்லுதாரு, நீங்க மேல காத்தாடி சுத்துறத எண்ணிக்கிட்டு கெடக்கியளே!"

"கான்கிரீட் இறுகுத வரைக்கும் தெனம் தண்ணி ஊத்திக் காக்குற கியூரிங்னா என்னன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். தெனம் நான்தான தண்ணி எடுத்துட்டு வாரேன்."

இதையெல்லாம் டாக்டரிடம் அவளே ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், கான்கிரீட்டுக்குள்ள ஆள் கெடையாது. எலும்புக்குள்ள உண்டு. எலும்பக் கட்டுன செல்கள்ல கொஞ்சம் அதுக்குள்ளயே பொதைஞ்சு உயிரோட இருக்கும். மேல பாரம் விழுதா இல்லியான்னு பாக்குறது அதுக வேலை. பாரமே விழலைன்னா ஸ்க்ளீரோஸ்டின்ங்கிற ஒரு புரதத்தக் கூடுதலா விடும். கட்டுற செல்களுக்கு அது, 'போதும், நிறுத்து'ன்னு சொல்லுத மாதிரி. காலை ஊனுனா அந்தப் புரதம் கொறையும். எலும்பு முறிஞ்ச எடத்துல வேற புரதங்கள் இளஞ்செல்களக் கூப்பிட்டு, கட்டுற செல்லா மாத்தும். நீங்க பண்ணுனது அந்த வேலைக்குத் தடை."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வாரமாக நான் காவல் இருந்த எலும்பே, கட்ட வந்தவர்களை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவு என்னிடமிருந்து போயிருக்கிறது. எழுபத்திரண்டு வருடம் இந்தக் காலில் நடந்திருக்கிறேன். உள்ளே என் எடையை அளந்துகொண்டு உயிரோடு சிலர் இருப்பது எனக்குத் தெரியாது.

"இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லமாட்டேன். வயசு இருக்கு, சுகர் இருக்கு. ஆனா இது நம்ம கையில உள்ளது. ஆறு வாரம் நடங்க. அப்பவும் சேரலைன்னா இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து இங்கன வைக்கணும். ரெண்டாவது ஆபரேஷன்."

அன்று பகலே கூடத்தில் வாக்கரைப் பிடித்து நின்றேன். நாங்குநேரிக்காரர் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "பைய ஊனுங்க அண்ணாச்சி. விழ விடமாட்டேன்." பாதம் தரையில் பட்டதும் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தீப்பிடித்தது. கம்பி வளைந்துவிடும் என்று கத்தினேன்.

"வளையாது. எழுவது நாளா நான் சொன்னதுல புரதம் இல்லன்னுதான் ஒங்க காதுல ஏறலயாக்கும்? ஊனுங்க," என்றாள் மனைவி.

ஊன்றினேன். கூடத்தைக் கடக்கப் பதினோரு காலடி, நான்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பதினொன்றும் நடந்தேன். அந்த வாரமே மனைவி நாங்குநேரிக்காரரின் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தாள். அதன் பிறகு ஒவ்வோர் அடியையும் அந்தப் புதைந்த செல்களுக்கு எழுதும் மனுவாக நினைத்து வைத்தேன். ராத்திரியில் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அங்கே கை வைக்கவிடக் கூடாது.

டிசம்பர் 30 அன்று மூன்றாவது படம். முறிந்த இடத்தைச் சுற்றி, கஞ்சி படிந்ததுபோல் ஒரு வெள்ளை மூட்டம். "இதுதான் புது எலும்பு. இடுப்புல கை வைக்க வேண்டாம்," என்றார் டாக்டர். அதை நான் கட்டவில்லை. கால் வைத்தேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். ஆபரேஷன் எப்படியும் ஆகவேண்டிய செலவு, அதை விட்டுவிடலாம். என்னைத் தூக்கிவைத்த ஆளுக்கு, எழுபது நாளைக்கு, நாளொன்றுக்கு எழுநூறு வீதம் நாற்பத்தொன்பதாயிரம். வீட்டில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு. என் எலும்பைச் சும்மா வைத்திருந்ததற்கு நான் கொடுத்தது ஐம்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.